வழியில் குடியிருப்பவர்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, மழைக்காலம். ஒழுகும் கூரையுடைய ஒரு பேருந்து நிறுத்தத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் மருந்தியல் பாடப்புத்தகமுமாக நின்றிருந்த ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்கு, மனித இனத்தில் மிகப் பரவலாகக் காணப்பட்டாலும் இன்னும் முறையாக ஆராயப்படாத ஓர் உட்பிரிவைச் சேர்ந்தவர் முதன்முதலாகத் தென்பட்டார். அந்த உட்பிரிவுக்குச் ‘சமாளிப்பவர்’ என்று பெயர்.

அன்புள்ள வாசகரே, இவரை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே எத்தனை தொலைவு இருந்தாலும், அதை ஒரு குறையாகச் சொல்லாமல், தாம் வென்ற கோப்பையைப் போலச் சொல்பவர் இவர். “அவ்வளவு தூரமா?” என்று நீங்கள் வாயைப் பிளக்க வேண்டும். அதற்காகவே காத்திருந்து, லேசாகத் தோளைக் குலுக்கி, “பழகிடுச்சு, சமாளிச்சிடலாம்” என்பார். நீங்கள் வாயைப் பிளக்காவிட்டால், எத்தனை வண்டி மாற வேண்டும் என்பதை மீண்டும் முதலிலிருந்து விளக்குவார். ஆகவே முதல் தடவையே பிளந்துவிடுவது நல்லது.

அன்றைய மழையில் அந்த இளைஞர் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “முன்வாசல்ல ஏறாதீங்க. பின்வாசல்ல ஏறி, சிவப்புத் தொப்பி போட்டிருக்காரே, அவர் பக்கத்துல நில்லுங்க. ஆஸ்பத்திரி நிறுத்தத்துல அவர் இறங்கிடுவார்.”

சிவப்புத் தொப்பிக்காரர் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினார். அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. படிக்கட்டில் தொற்றிக்கொண்டு நனைந்தபடி வந்த அந்த இளைஞர், ஓர் அரசாட்சியைத் தானமாகக் கொடுத்துவிட்டவரைப்போல அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். எந்தப் பெண்தான் மயங்கமாட்டாள்? முன்பின் தெரியாதவளுக்கே இந்தக் கூட்டத்தில் ஓர் இடம் பிடித்துக் கொடுப்பவர், கட்டிய மனைவியின் அருகே வாழ்நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கமாட்டாரா என்று அவள் எண்ணினாள். இந்தக் கணக்கில் பிழை எங்கே இருந்தது என்பதை அவள் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பிறருக்கு இடம் பிடித்துக் கொடுப்பதுதான் சமாளிப்பவரின் கலை. உட்காருவது அவர் பாடத்திட்டத்திலேயே இல்லை.

அவரையே மணந்துகொண்ட அவள் இப்போது மருந்தாளுநர். அவர் மின்தூக்கி பொருத்துபவர், அதாவது புதிதாக எழும்பும் கட்டடங்களில் லிஃப்ட் அமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தப் பணியாளர். பிறரைத் தரைத்தளத்திலிருந்து உச்சிமாடிக்கு ஒரு கொட்டாவி முடிவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்வதற்காக, அந்த மனிதர் விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, ஒரு பேருந்து, ஒரு ரயில், இன்னொரு பேருந்து, கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம் என்று நகரத்தைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தார். ஒரு கட்டடத்தில் மின்தூக்கி ஓடத் தொடங்கி, முதன்முதலில் குடிவந்தவர்கள் அதன் பொத்தானை அழுத்தி மகிழும்போது, அவர் நகரத்தின் இன்னொரு கோடியில் வேறொரு கட்டடத்தின் மின்தூக்கிப் பள்ளத்துக்குள் இறங்கியிருப்பார். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஒரு மேசை உண்டு, மேசையில் ஒரு பூச்சாடி உண்டு. ஒப்பந்தப் பணியாளருக்கு என்ன உண்டு? அடுத்த ஒப்பந்தம் உண்டு. அதுவும் எப்போதும் வீட்டுக்கு எதிர்த்திசையிலேயே உண்டு. இந்நகரத்தில் கட்டடம் கட்டுவோர் அனைவரும் ஒன்றுகூடி, மருந்தாளுநரின் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி அடித்தளம் தோண்டலாம் என்று ஆலோசித்த பிறகே மண்வெட்டியைக் கையில் எடுக்கிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

சமாளிப்பவரின் வழக்கங்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதலில் அவருடைய பை. அது பை அன்று; தோளில் தொங்கும் ஒரு குடும்பம். அதில் மாற்றுச் சட்டை இருக்கும், துண்டு இருக்கும், ஊசியும் நூலும் இருக்கும், பல் துலக்கும் தூரிகை இருக்கும், அறுந்த செருப்பைத் தற்காலிகமாகக் கட்டுவதற்கான கம்பி இருக்கும், மடக்கு முக்காலி ஒன்றுகூட இருக்கும். ஆனால் அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்ததை எவரும் கண்டதில்லை. அதை ரயிலில் வயதானவர்களுக்கு விரித்துக் கொடுப்பார்.

அடுத்து, கடிகாரம். வீட்டுக் கடிகாரத்தை அவர் எப்போதும் முன்னே தள்ளி வைத்திருப்பார். தள்ளி வைத்திருப்பது அவருக்குத் தெரியும் என்பதால், பார்க்கும்போதெல்லாம் மனத்துக்குள் கழித்துக்கொள்வார். அவர் கழித்துக்கொள்கிறார் என்பது தெரிந்து மருந்தாளுநர் இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளி வைப்பாள். இருவரும் தள்ளுவது தெரிந்த மகள், வீட்டில் மணி என்ன என்று யாராவது கேட்டால், எதிர்வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

மூன்றாவது, ரயிலின் மூன்றாம் பெட்டி. அவர் இறங்கும் நிலையத்தில் அந்தப் பெட்டியின் நடுவாசல்தான் படிக்கட்டுக்கு நேர் எதிரே வந்து நிற்கும். இந்த ஞானத்தை அவர் எளிதில் வெளியிடமாட்டார். மிகவும் நெருங்கியவர்களுக்கு மட்டும், குரலைத் தாழ்த்தி, பரம்பரைச் சொத்தின் இருப்பிடத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தப் பெட்டியில் நின்றபடியே உண்ணவும், கம்பியைச் சுற்றிப் பையின் வாரை மாட்டிக்கொண்டு நின்றபடியே உறங்கவும் அவருக்குத் தெரியும். உறக்கத்திலும் அவர் முகத்தில் ஒரு கவனம் இருக்கும். எத்தனையாவது நிலையம் கடந்தது என்பதை அவருடைய முழங்கால்கள் எண்ணிக்கொண்டிருக்கும்.

இனி, அவருடைய சொற்கள். சமாளிப்பவரின் அகராதி சிறியது. “சமாளிச்சிடலாம்” என்பது ஒன்று. “இந்தக் கட்டடம் முடியட்டும்” என்பது இன்னொன்று. பல் வலித்தால் இந்தக் கட்டடம் முடியட்டும். குழாய் ஒழுகினால் இந்தக் கட்டடம் முடியட்டும். மனைவியோடு ஒருநாள் கடற்கரைக்குப் போகலாமா என்றால், கட்டாயமாக, இந்தக் கட்டடம் முடியட்டும். கட்டடங்கள் முடிந்துகொண்டுதான் இருந்தன. குழாய்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது சொல்தான் தலையாயது: “வழியில.” அவர் வாழ்வில் அனைத்தும் வழியில் நடந்தன. வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வழியில் வாங்கினார். வழியில் முகம் மழித்துக்கொண்டார். தொலைபேசியில் மனைவியோடு வழியில் சண்டையிட்டார், அடுத்த நிலையம் வருவதற்குள் சமாதானமும் ஆனார். மகளின் ஆசிரியையைப் பெற்றோர் சந்திக்கும் நாளன்றுகூட மருந்தாளுநர் கைப்பேசியை ஆசிரியையின் மேசைமேல் வைக்க, அவர் வழியிலிருந்தே சந்தித்தார். “உங்க பொண்ணு வகுப்புல ரொம்பப் பேசறா” என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள், கைப்பேசியிலிருந்து வேறொரு குரல், “சின்னப் பிள்ளைங்க பேசாம யார் பேசுவா, டீச்சர்?” என்று கேட்டது. அது மூன்றாம் பெட்டியின் தையற்காரர்.

ஆம், மூன்றாம் பெட்டிக்கு நிரந்தர உறுப்பினர்கள் இருந்தார்கள். தலைநரைத்த தையற்காரர் ஒருவர். எந்தப் பேச்சையும் நோயில் கொண்டுபோய் முடிக்கும் செவிலியர் ஒருவர். வாயே திறக்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் வங்கி எழுத்தர் ஒருவர். மாலை வேளையில் மகள் தொலைபேசியில் வீட்டுப்பாடக் கேள்வியைக் கேட்டால், பெட்டியே விடை தேடும்.

“அப்பா, எரிமலை ஏன் வெடிக்குது?”

“இரும்மா, கேட்டுச் சொல்றேன்.” பெட்டியை நோக்கி: “எரிமலை ஏன் வெடிக்குதுன்னு யாருக்காவது தெரியுமா?”

“உள்ள அழுத்தம் கூடினா வெடிச்சுத்தானே ஆகணும்? எங்க வார்டுல ஒரு நோயாளி இருந்தார்...” என்று செவிலியர் தொடங்குவார்.

“அப்பா, அந்த ஆன்ட்டி வேண்டாம்ப்பா. போன தடவை அவங்க சொன்னதை எழுதி மிஸ் என்னை வாசல்ல நிக்க வெச்சாங்க.”

இப்படியாக அந்த மகளுக்குத் தந்தையின் குரல் மிக நன்றாகத் தெரிந்திருந்தது. முகத்தைத்தான் விடுமுறை நாள்களில், அதுவும் உறங்கும் நிலையில், பார்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்தாளுநரின் தம்பி, குறும்புக்காரன், அவருக்கு ‘வழிமாமா’ என்று பெயரே வைத்துவிட்டான். “அக்கா, வழிமாமா வந்துட்டாரா, இல்ல இன்னும் வழியிலதானா?” என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான்.

இப்படியிருக்க, ஓர் ஆண்டு அவருக்குப் பெரிய ஒப்பந்தம் ஒன்று கிடைத்தது. நகரின் மறுகோடியில் எழும்பும் மிகப்பெரிய மருத்துவமனை, மின்தூக்கிகள் ஏராளம், வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். முதன்முறையாக, ஓடாமல் நிற்கும் ஒரு வேலை! மருந்தாளுநர் பல நாள் யோசித்தாள். தான் தலைமைப் பொறுப்பில் இருந்த கடையை விட்டாள். அந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் சாதாரணப் பணியில் சேர்ந்தாள். மகளைப் புதுப் பள்ளியில் சேர்த்தாள். மகள் தன் தோழிகளை விட்டுவிட்டு வருவதற்கு இரண்டு நாள் அழுது, மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை விதித்தாள்.

“ராத்திரிச் சாப்பாடு, மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். தினமும். அப்பா நின்னுக்கிட்டுச் சாப்பிடக் கூடாது.”

“அவ்வளவுதானா? சமாளிச்சிடலாம்” என்றார் அவர்.

மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில், மூன்றாம் மாடியில், பச்சை ஜன்னல் வைத்த வீடு. சமையலறையில் நின்றால் கட்டடத்தின் வாயிற்கதவே தெரியும். மருந்தாளுநர் அந்த வீட்டுக்காக ஒரு வட்டமேசை வாங்கினாள். மேசையைச் சுற்றி நாற்காலிகள். கணவரின் நாற்காலிக்கு மட்டும் மெத்தை.

முதல் வாரம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பரிதாபமாக இருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்ட மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோபாவைச் சுற்றி நடந்தார். செய்தித்தாளைக் கைக்குட்டை அளவுக்கு மடித்துப் படித்தார்; விரித்துப் படிக்க அவர் கைகளுக்குத் தெரியவில்லை. பேசும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேசாக ஆடினார். மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்ததும், யாருக்கோ உரிய இடத்தில் உட்கார்ந்துவிட்டவரைப்போல வாசலை வாசலைப் பார்த்தார். தட்டில் வைத்ததை அரைகுறையாக விழுங்கினார். படுக்கையில் உறக்கம் வரவில்லை. மகள் ஆசையோடு எரிமலைப் படத்தைக் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்தால், என்ன பேசுவதென்று தெரியாமல், “ம்... நல்லாருக்கு. இது எந்தப் பாடம்?” என்றார். ரயிலில் இருந்தபோது கேட்டிருந்தால் எத்தனை பேசியிருப்பார்!

இரண்டாம் வாரம் அவர் தாமதமாக வரத் தொடங்கினார். மூன்றாம் வாரம் பழையபடி விடியுமுன் கிளம்பலானார்.

“வேலை அதிகம். அடித்தளத்துல தண்ணி ஊறுது” என்றார்.

மருந்தாளுநர் சமையலறை ஜன்னலில் நின்றாள். சூரியன் சாயும்போது கட்டடத்திலிருந்து வேலையாள்கள் கூட்டமாக வெளியேறினார்கள். காவலாளி வாயிற்கதவைப் பூட்டினார். கட்டடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. கணவர் வரவில்லை. சாப்பாடு ஆறியது. மகள் மெத்தை நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, தன் தட்டைக் கழுவி வைத்தாள். 

மருந்தாளுநர் தம்பியிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். “ஏன்க்கா, வேற எங்கயாவது ஒரு குடும்பம் கிடும்பம்...”

“போடா. இருக்கிற ஒண்ணுக்கு வர்றதுக்கே அவருக்கு நேரம் கிடைக்கல.”

சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கே நிலைக்கவில்லை. ஊர் விட்டு ஊர் மாறியதைப்போல நகரத்தையே கடந்து வந்தது வீணோ? மகளிடம் இனி என்ன சொல்வது? இந்தக் கட்டடம் முடியட்டும் என்றா?

மறுநாள் மாலை, வேலையாள்கள் வெளியேறும் வேளையில், அவள் நேரே வாயிற்கதவுக்குப் போய்க் கணவரை விசாரித்தாள். காவலாளி மிகவும் மரியாதையானவர்.

“லிஃப்ட் சாரா? இப்பத்தான் மேடம் ஓடினார். பாவம், ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்றவர். ரயிலைப் பிடிக்கலைன்னா அவ்வளவுதானாம்.”

“எங்க வீடு அதோ தெரியுது பாருங்க. அந்தப் பச்சை ஜன்னல்.”

காவலாளி பச்சை ஜன்னலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்படின்னா மேடம், அவர் யார் வீட்டுக்குப் போறார்?”

இந்தக் கேள்வியைக் காதில் சுமந்துகொண்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவளைப்போல அவள் ரயில் நிலையத்துக்கு ஓடினாள். வண்டி நின்றிருந்தது. எந்தப் பெட்டி என்று அவள் தேடவேண்டியிருக்கவில்லை. பரம்பரைச் சொத்தின் இருப்பிடம் அவளுக்கும் சொல்லப்பட்டிருந்ததே!

மூன்றாம் பெட்டியில் மூச்சுவிட இடமில்லை. ஒரு பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் அவள் ஒண்டிக்கொண்டாள். அந்த முதுகுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அவள் கணவரின் குரல்தான். ஆனால் பல ஆண்டுகளாக வீட்டில் கேட்டிராத குரல். அன்றைய மழையில் சிவப்புத் தொப்பியைச் சுட்டிக்காட்டிய குரல்.

“...எங்க வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தா கத்தமாட்டாங்க. சமையலறைக்குள்ள போய், இருக்கிற டப்பாவையெல்லாம் மருந்துக்கடை மாதிரி அகர வரிசையில அடுக்குவாங்க. மறுநாள் உப்பைக் கண்ணுக்கு முன்னாடி வெச்சுக்கிட்டு நான் எங்கெல்லாமோ தேடுவேன்!”

பெட்டி சிரித்தது. வங்கி எழுத்தர்கூடத் தலையாட்டியபடியே சிரித்தார்.

“பொண்ணு எப்படி இருக்கா?” என்று தையற்காரர் கேட்டார்.

“எரிமலை வரைஞ்சிருக்கா பாருங்க, அப்படியே புகையற மாதிரி! ஓரத்துல ஒரு சின்ன ரயிலும் போட்டிருக்கா. ஜன்னல்ல ஒரு தலை. அது நானாத்தான் இருக்கும். கேட்கணும்னு நினைச்சேன், கேட்கல.”

பருத்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் மருந்தாளுநருக்குக் கண் கரித்தது. அந்த ரயிலை அவள் கவனித்திருக்கவில்லை. செவிலியர்தான் முதலில் அவளைக் கண்டார்.

“அண்ணா, ஒருத்தங்க உங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. முகம் வெளுத்திருக்கு. ரத்தச்சோகையா இருக்கும்.”

அவர் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். பிடிபட்ட ஒரு கணவன் அந்தக் கணத்தில் என்ன சொல்வான்? மன்னிப்புக் கேட்பான், பொய் சொல்வான், ஓடுகிற வண்டியென்றும் பாராமல் குதிப்பான். சமாளிப்பவர் சொன்னது இது:

“நீ ஏன் இந்த வாசல்ல ஏறினே? கூட்டமா இருக்குமே. பின்வாசல்ல ஏறியிருந்தா அடுத்த ஸ்டேஷன்ல இடம் கிடைச்சிருக்கும்.”

“ஏங்க,” என்றாள் அவள், “வீடு இருக்கிறது அங்க. வேலை இருக்கிறதும் அங்க. நீங்க எங்க போய்ட்டு எங்க வர்றீங்க?”

“பழைய ஸ்டேஷன் வரைக்கும்தான். இறங்கி, அடுத்த வண்டியில திரும்பிடுவேன். காலையிலயும் அப்படித்தான்.”

“வேலைக்கா?”

“வேலைக்குத்தான்.”

“நடந்து போற தூரத்துல இருக்கிற வேலைக்கு ரயில்லயா?”

 மற்ற நேரமாயிருந்தால் பெட்டி ஒருமனதாக விடை தேடியிருக்கும். இந்தக் கேள்விக்கு அது உதவிக்கு வரவில்லை. அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக அந்தச் சொற்களைச் சொன்னார்.

“சமாளிக்க முடியலம்மா.”

“எதை?”

“வீட்டை. சும்மா இருக்கிறதை. யாரும் இடிக்கமாட்டேங்கிறாங்க. யாரும் தள்ளி நில்லுங்கன்னு சொல்லமாட்டேங்கிறாங்க. அந்த நாற்காலி சும்மா காலியா கிடக்கு. காலியா இருக்கிற இடத்துல போய் எப்படி உட்கார்றது? இங்கன்னா வாய் தன்னால பேசுது, கண் தன்னால சொக்குது. அங்க வந்தா உன்கிட்டயும் அவகிட்டயும் என்ன பேசறதுன்னே தெரியல. உங்களைப் பத்தி இங்க பேசிட்டு, அங்க வந்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

“நியாயந்தாம்மா,” என்றார் தையற்காரர். “யாரும் உட்காராத இடத்தைப் பார்த்தா எனக்கும் சந்தேகம் வரும். ஈரமா இருக்குமோன்னு.”

 வீடு திரும்பியதும் மருந்தாளுநர் சமையலறைக்குள் போனாள். டப்பாக்களை எல்லாம் இறக்கி, ஒன்றுவிடாமல் அகர வரிசையில் அடுக்கினாள். அடுக்க அடுக்கக் கோபம் இறங்கியது; கோபம் இறங்கிய இடத்தில் ஒரு யோசனை ஏறியது. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள் அல்லவா? நோயாளிக்கு விழுங்க வராத மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதில்லையா?

காலையில் கணவரிடம், “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ரயில் ஏறாம நேரா வீட்டுக்கு வாங்க” என்றாள். அவர் தலையாட்டினார், வங்கி எழுத்தரைப்போல.

அன்று மாலை சமாளிப்பவர் வீட்டுக்குள் நுழைந்து, அப்படியே நின்றுவிட்டார். வட்டமேசையைக் காணவில்லை. மெத்தை நாற்காலியைக் காணவில்லை. தம்பி பழைய சாமான் கடையிலிருந்து தூக்கிவந்த குறுகிய மரப்பெஞ்சுகள் இரண்டு, பச்சை ஜன்னலோரமாக, முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஒன்றில் மனைவி, அவளருகே மளிகைப் பை. மற்றொன்றில் தம்பி, அவனருகே மகள், மகளின் காலடியில் புத்தகப் பை. எல்லாரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இடமில்லை!

அவர் கண்ணில் நெடுநாள் காணாமற்போயிருந்த ஓர் ஒளி வந்தது. பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்தார். ஒவ்வொருவராக அளந்து பார்த்தார். தம்பி தட்டு நிறைய வைத்திருக்கிறான். இவன் இறங்குமிடம் தொலைவில் இருக்கிறது. மளிகைப் பையை நகர்த்தச் சொன்னால் மனைவி சண்டைக்கு வருவாள். மகளோ தட்டை வழித்துக்கொண்டிருக்கிறாள். புத்தகப் பையின் வாரில் கை போகிறது...

அவர் ஓசையின்றி மகளின் பக்கமாக நகர்ந்தார்.

“அங்கிள், ஏன் இடிக்கிறீங்க?” என்றாள் மகள், நிமிராமல்.

“அடுத்ததுல இறங்கறியாம்மா?”

“இறங்கலாம். எரிமலை ஏன் வெடிக்குதுன்னு சொன்னா.”

“உள்ள பாறையெல்லாம் சூட்டுல உருகி, வெளிய வர வழி இல்லாம, அழுத்தம் கூடிக்கூடி...” என்று தொடங்கியவர், அவள் எழுந்த மறுநொடி, எவ்வளவு கூட்டத்திலும் பிழைக்கத் தெரிந்த அந்தப் பழைய லாகவத்தோடு இடத்தில் வழுக்கி உட்கார்ந்தார். பெஞ்சு முழுவதும் அவருக்கு ஒரு சாண்தான் கிடைத்தது. முகமோ, சிம்மாசனத்தில் உட்கார்ந்த முகம்!

“மாமா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. உங்க அப்பா வீட்டு ரயிலா இது?” என்றான் தம்பி.

“நீ தள்ளுடா. பிடிச்ச இடத்தை யாராவது விடுவாங்களா?”

அன்று அவர் தட்டில் வைத்தது அத்தனையும் சாப்பிட்டார். இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேச்சு தன்னால் வந்தது. அடித்தளத்தில் உண்மையாகவே தண்ணீர் ஊறியதையும், மின்தூக்கிக்குச் சமனாகத் தொங்கும் எதிர் எடையை இறக்கும்போது மேற்பார்வையாளரின் தொப்பி பள்ளத்துக்குள் விழுந்ததையும், அதை எடுக்க அந்த மனிதர் பட்ட பாட்டையும் நடித்துக் காட்டினார். கீழே சாலையில் வாகனங்கள் விளக்கோடு பின்னோக்கி ஓடின. ஜன்னலை மட்டும் பார்த்தால் வீடே நகர்வதுபோல இருந்தது.

“அப்பா, அந்த எரிமலைப் படத்துல...” என்று மகள் தொடங்கினாள்.

“ரயில்ல ஒரு தலை தெரியுதே, நான்தானே?”

“ம்.”

“எந்தப் பெட்டி அது?”

“மூணாவது.”

“கெட்டிக்காரி” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்காக நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தது தகும் என்று மருந்தாளுநருக்குத் தோன்றியது. கை கழுவப் போகும் சாக்கில் எழுந்துபோய், சமையலறையில் உப்பு டப்பாவை எடுத்து, அகர வரிசையைக் கெடுத்து, அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

இப்போது, வாசகரே, ஒரு சிறு விசாரணை. இவ்வளவு நேரமும் இவரைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். நல்லது. இதை எங்கே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வீட்டில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தா? அல்லது ஒரு கையால் இதையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டா? உங்கள் வீட்டுக் கடிகாரம் சரியான நேரத்தைத்தான் காட்டுகிறதா? இன்று காலை யாரோ ஒருவர் உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோளைச் சொன்னபோது, “இந்த வேலை முடியட்டும்” என்று நீங்கள் சொல்லவில்லைதானே? வீட்டாரைப் பற்றி வெளியில் பேசும் பேச்சில் பாதியை வீட்டாரிடமே பேசுகிறீர்கள்தானே? பேசுகிறீர்கள் என்றால் மகிழ்ச்சி. இல்லையென்றால் பதற வேண்டாம், உங்களுக்கென்ன, சமாளித்துவிடுவீர்கள். இறங்குமிடத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.

அந்த மாலையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். இறங்கிய மகள் மறுபடியும் ஏறி, தந்தைக்கும் ஜன்னலுக்கும் இடையே தன்னைத் திணித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பேச்சு மெதுவாக, அவர் பையின் வாரை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அவள் தோளில் தலை சாய்த்தார். படுக்கையில் வராத உறக்கம் அந்த ஒரு சாண் பெஞ்சில் ஓடி வந்தது. கண் மூடுமுன் அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்:

“நம்ம ஸ்டேஷன் வந்ததும் எழுப்பிவிடும்மா.”